கரப்பான் எனப்படும் எக்சிமா: நமைச்சல் எங்கிருந்து வருகிறது?

எக்சிமா என்பது தோலில் நீண்ட காலம் நீடித்து, அடங்குவதும் மீண்டும் கிளம்புவதுமாக இருக்கும் அழற்சி நோயாகும். நம் ஊர்களில் இதனைக் கரப்பான் என்றும் கரப்பான் படை என்றும் கூறுவர். இது தொற்றுநோய் அன்று. ஒரே பாயில் படுப்பதாலோ, ஒரே துண்டைப் பயன்படுத்துவதாலோ ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது. இதன் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது அடோபிக் எக்சிமா. பெரும்பாலும் கைக்குழந்தைப் பருவத்தில் தொடங்கும் இவ்வகை, ஆஸ்துமாவும் மூக்கு ஒவ்வாமையும் உள்ள குடும்பங்களில் அதிகம் தோன்றுகிறது.

“ராத்திரி முழுக்கப் பிறாண்டிக்கிட்டே இருக்கான் டாக்டர். கையைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கேன். விடிஞ்சா மலைக்கு ஜீப் ஏறணும்.” போடிநாயக்கனூர்ப் பகுதியில் புறநோயாளிகளைப் பார்க்கும் எந்த மருத்துவ அலுவலருக்கும் இச்சொற்கள் புதியவை அல்ல. போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பகுதிகளின் ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பும் குடும்பங்கள் இங்கு ஏராளம். உறங்காத குழந்தையின் தாய் மறுநாள் சரிவில் நின்று காய் எடுக்க வேண்டும். ஆகவே நமைச்சலைச் சிறிய தொல்லையாகக் கருதி ஒதுக்க இயலாது. அது குழந்தையின் வளர்ச்சியையும், தாயின் கூலியையும், வீட்டின் அமைதியையும் ஒருசேரப் பாதிக்கிறது.

நோயாளிகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “அரிப்பு மாத்திரை போட்டும் ஏன் அரிப்பு நிற்கவில்லை?” இதற்கு விடை காண வேண்டுமாயின், தோலுக்குள் யார் யாருக்கு என்ன செய்தி அனுப்புகிறார்கள் என்பதை முதலில் அறிய வேண்டும்.

சுவரில் விழும் விரிசல்

மேல்தோலின் வெளிப்புற அடுக்கு, செங்கல் அடுக்கிச் சாந்து பூசிய சுவரைப் போன்றது. தட்டையான இறந்த செல்கள் செங்கற்கள். அவற்றிற்கிடையே உள்ள செராமைடு, கொழுப்பு அமிலங்கள், கொலஸ்டிரால் ஆகியவை சாந்து. இச்சுவர் உள்ளிருக்கும் நீரை வெளியே விடாமல் காக்கிறது. வெளியிலிருந்து தூசு, கிருமி, வேதிப்பொருள் ஆகியவை உள்ளே நுழையாமல் தடுக்கிறது. செங்கற்களுக்கு வலிமை தரும் புரதங்களுள் முதன்மையானது ஃபிலாக்ரின். இப்புரதம் சிதையும்போது உண்டாகும் பொருள்களே தோலின் இயற்கையான ஈரப்பதத்தைத் தக்கவைக்கின்றன. தோலின் மேற்பரப்பை மெல்லிய அமிலத் தன்மையுடன் வைத்திருக்கவும் உதவுகின்றன.

ஃபிலாக்ரின் மரபணுவில் ஏற்படும் பழுது எக்சிமாவுக்கு வலுவான காரணம் என்பதை 2006-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு கண்டறிந்தது. அதுவரை எக்சிமாவை “இரத்தத்தில் உள்ள ஒவ்வாமை” என்றே பெரும்பாலோர் எண்ணியிருந்தனர். சுவரில் விழும் விரிசலும் நோயின் தொடக்கமாக அமையக்கூடும் என்பது அதன்பிறகே வலுவாக ஏற்கப்பட்டது. ஆயினும் எக்சிமா உள்ள அனைவருக்கும் இம்மரபணுப் பழுது இருப்பதில்லை. மரபணு சீராக உள்ளவர்களிடமும் ஃபிலாக்ரின் குறைந்துபோகிறது. அதற்கான காரணத்தைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

போடியின் சூழல் இச்சுவரைப் பலவாறாகச் சோதிக்கிறது. மழை மறைவில் அமைந்த அடிவாரத்தில் வெயிலும் வறண்ட காற்றும். 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் மூடுபனியும் குளிரும். ஒரே நாளில் வியர்வை, ஈரம், குளிர்காற்று ஆகிய மூன்றையும் ஒரு தொழிலாளியின் தோல் எதிர்கொள்கிறது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் சூடும் விறகுப் புகையும், தரம் பிரிக்கும் இடத்துத் தூசும், செடிகளுக்கு அடிக்கும் பூச்சிமருந்தும் இவற்றோடு சேர்கின்றன. வீடு திரும்பியதும் களைப்புத் தீரக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில், சோப்பை அழுந்தத் தேய்த்துக் குளிப்பது பலரது வழக்கம். ஆரோக்கியமான தோலின் அமிலக் காரக் குறியீடு ஏறத்தாழ 5. சாதாரணக் கட்டிச் சோப்புகளுக்கு அது 9 முதல் 10 வரை. இக்காரத்தன்மை சாந்தைக் கரைப்பதோடு, தோலைச் சிதைக்கும் நொதிகளையும் தூண்டிவிடுகிறது. என் அனுபவத்தில், பலருக்கு நோயைக் கிளப்பியது தோட்டத்தைக் காட்டிலும் குளியலறையே.

அபாயச் சங்கு ஊதும் செல்கள்

மேல்தோல் செல்கள் வெறும் செங்கற்கள் அல்ல. அவை காவலர்களும் ஆகும். சுவரில் விரிசல் விழுந்தாலோ, நகம் கீறினாலோ, கிருமியின் நொதி பட்டாலோ, அவை உடனே சில எச்சரிக்கைப் புரதங்களை வெளியிடுகின்றன. இவற்றுள் முக்கியமானவை டி.எஸ்.எல்.பி., இன்டர்லூக்கின்-33, இன்டர்லூக்கின்-25 ஆகியவை. ஆலையில் தீப்பிடித்தால் ஊதப்படும் சங்கைப் போன்றவை இவை.

சங்கொலி கேட்டு முதலில் விழிப்பவை, தோலிலேயே தங்கியிருக்கும் இரண்டாம் வகை உள்ளார்ந்த நிணநீர்ச் செல்கள். இதே வேளையில் கிளைபோன்ற உருவமுடைய டென்ட்ரைட்டிக் செல்கள், விரிசல் வழியே நுழைந்த அந்நியப் பொருளின் துணுக்கை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குச் செல்கின்றன. அங்குள்ள டி-செல்களுக்கு அதனைக் காட்டி, “இப்படிப்பட்ட ஒன்று உள்ளே வந்துள்ளது” என்று அறிவிக்கின்றன. வழக்கமான கிருமித் தொற்றில் டி-செல்கள் வேறு வகையாகப் பயிற்சி பெறும். ஆனால் டி.எஸ்.எல்.பி. போன்ற சமிக்ஞைகள் உடன் இருக்கும்போது, அவை இரண்டாம் வகை உதவி டி-செல்களாக உருவெடுக்கின்றன. குடற்புழுக்களையும் ஒட்டுண்ணிகளையும் எதிர்க்க உடல் வைத்திருக்கும் படை இதுவே. எக்சிமாவில் இப்படை, புழு ஏதும் இல்லாத இடத்தில், தூசுப்பூச்சியின் கழிவுக்கும் மகரந்தத்துக்கும் எதிராகப் போரிடுகிறது.

இச்செல்கள் தோலுக்குத் திரும்பி வந்து வெளியிடும் சமிக்ஞைகளில் மூன்றினை நோயாளிகள் பெயரளவிலேனும் அறிந்திருப்பது நல்லது. இன்றைய புதிய மருந்துகளுள் பல இவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன.

முதல் இரண்டு, இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13. இவை இரத்த நாளங்களின் உட்சுவரைப் பிசுபிசுப்பாக்கி, மேலும் மேலும் வெள்ளணுக்கள் தோலுக்குள் இறங்கச் செய்கின்றன. தோல் தடித்துச் சிவப்பதும் நீர் கசிவதும் இதன் விளைவு. பி-செல்களைத் தூண்டி, ஐ.ஜி.இ. எனும் ஒவ்வாமை எதிர்ப்புப் புரதத்தை மிகுதியாக உற்பத்தி செய்ய வைப்பதும் இவையே. இவற்றைக் காட்டிலும் கேடான செயல் ஒன்றையும் இவை செய்கின்றன. மேல்தோல் செல்கள் ஃபிலாக்ரினையும் செராமைடையும் உற்பத்தி செய்வதைக் குறைத்துவிடுகின்றன. மரபணு சீராக உள்ளவர்களிடமும் சுவர் இடிவது இதனால்தான். விரிசல் அழற்சியை வரவழைக்கிறது. அழற்சி விரிசலை அகலப்படுத்துகிறது. இச்சுழல் தொடங்கிய பிறகு, முதலில் எது வந்தது என்று தேடுவதால் பயன் அதிகம் இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்த வேண்டும்.

மூன்றாவது, இன்டர்லூக்கின்-31. 2004-இல் விவரிக்கப்பட்ட இப்புரதத்தை ஆய்வுக்கூட எலிகளின் உடலில் மிகுதியாக உண்டாக்கியபோது, அவை ஓயாமல் சொறிந்துகொண்டு, எக்சிமாவைப் போன்ற புண்களைப் பெற்றன. ஆதலால் இதனை நமைச்சல் சமிக்ஞை என்றே ஆய்வாளர் பலரும் குறிப்பிடுகின்றனர்.

செய்தி நரம்புக்கு எவ்வாறு செல்கிறது?

தோலில் மிக நுண்ணிய நரம்பு முனைகள் மேல்தோல் வரை ஊடுருவியுள்ளன. நமைச்சலைக் கொண்டு செல்லும் மெல்லிய நரம்பிழைகள் உறையற்றவை. அவற்றில் செய்தி வினாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் என்ற மெதுவான வேகத்தில் தண்டுவடத்தை அடைந்து, அங்கிருந்து மூளைக்கு ஏறுகிறது. நெருப்புச் சுட்டால் சட்டெனக் கையை இழுக்கிறோம். நமைச்சல் சற்று ஊர்ந்து வந்து பிடித்துக்கொள்கிறது.

இந்நரம்பு முனைகளைத் தூண்டும் பொருளாக நீண்ட காலம் அறியப்பட்டிருந்தது ஹிஸ்டமின் ஒன்றே. கொசு கடித்தாலும், உடல் முழுவதும் திடீர்த் தடிப்பு எழும்பினாலும், மாஸ்ட் செல்கள் வெளியிடும் ஹிஸ்டமினே பெரும்பாலும் காரணம். செட்டிரிசின் போன்ற மாத்திரைகள் அங்கு நன்கு பயன்படுகின்றன. எக்சிமாவின் நமைச்சலோ பெரும்பகுதி வேறு வழியாக வருகிறது.

2013-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் நடைபெற்ற ஆய்வு, மேல்தோல் செல்கள் வெளியிடும் டி.எஸ்.எல்.பி. வேறு செல்களின் துணையின்றி நேரடியாகவே நமைச்சல் நரம்பைத் தூண்டுகிறது என்று காட்டியது. 2017-இல் செயின்ட் லூயிஸ் நகர ஆய்வாளர்கள், இன்டர்லூக்கின்-4, 13 ஆகியவற்றை ஏற்கும் பகுதிகள் நரம்புச் செல்களிலேயே உள்ளன என்று கண்டனர். இவை நரம்பைக் கூர்மையாக்கிவிடுகின்றன. அந்நிலையில், வழக்கமாக உணரப்படாத சிறு தொடுதல்கூட நமைச்சலாகிறது. கம்பளிச் சட்டை உரசினாலே குழந்தை துடிப்பதும், வியர்வை ஒரு துளி வழிந்தாலே கழுத்து நமைப்பதும் இதனாலேயே. 2023-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் மற்றொரு குற்றவாளியைச் சேர்த்தனர். எக்சிமாப் புண்களில் பெரும்பாலும் குடியேறும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் எனும் பாக்டீரியா வெளியிடும் ஒரு நொதி, நரம்பு முனையை நேரடியாகவே தூண்டுகிறது என்பது எலிகளில் நிறுவப்பட்டது. புண்ணில் சீழோ, தேன்நிறப் பொருக்கோ தோன்றும்போது நமைச்சல் பன்மடங்காவதைப் பெற்றோர் கண்டிருப்பர்.

ஆக, அரிப்பு மாத்திரை ஒரு கதவை மட்டுமே அடைக்கிறது. மற்ற கதவுகள் திறந்தே உள்ளன. சி.பி.எம். போன்ற பழைய மாத்திரைகளை உட்கொண்டு குழந்தை உறங்குவது, மாத்திரை தரும் மயக்கத்தால். தோலுக்குள் அழற்சி குறையாமல் அப்படியே இருக்கும். இம்மாத்திரைகளை மாதக்கணக்கில் வாங்கிக் கொடுத்து வருபவர்கள் இதனை அறிந்துகொள்வது அவசியம்.

சொறியும்போது சுகமாக இருப்பது ஏன் என்றும் கேட்பதுண்டு. சொறிவதால் உண்டாகும் சிறு வலி, தண்டுவடத்தில் நமைச்சல் செய்தியைச் சில நிமிடங்கள் அமுக்கிவிடுகிறது. அதே நகம் மேல்தோலைக் கீறுவதால் டி.எஸ்.எல்.பி., இன்டர்லூக்கின்-33 ஆகியவை மீண்டும் வெளியாகி, சங்கு மறுபடி ஊதப்படுகிறது. எனவே “சொறியாதே” என்று குழந்தையை அடிப்பதோ, கண்டிப்பதோ பயன் தராது. அது தும்மாதே என்று கூறுவதைப் போன்றது. நகத்தை ஒட்ட வெட்டி, மென்மையான பருத்தித் துணியால் உடலை மூடி, நமைக்கும் இடத்தில் குளிர்ந்த ஈரத்துணியை ஒற்றிக் கொடுக்கலாம்.

இரவில் நமைச்சல் மிகுவதற்கும் காரணம் உண்டு. உடலிலேயே சுரக்கும் அழற்சி அடக்கியான கார்ட்டிசால் இரவில் தாழ்ந்திருக்கும். தோலின் வெப்பமும் அதிலிருந்து வெளியேறும் நீரும் இரவில் கூடும். கவனத்தைத் திருப்ப வேறு வேலையும் அப்போது இருப்பதில்லை.

நம் தோல் நிறத்தில் இது எப்படித் தெரியும்?

மருத்துவ நூல்களின் படங்களில் எக்சிமா சிவந்திருக்கும். மாநிறமும் கருநிறமும் உடைய தோலில் அச்சிவப்பு தெரியாது. சாம்பல், ஊதா கலந்த பழுப்பு, கருமை என்றே தோன்றும். மயிர்க்கால்களை ஒட்டிய சிறுசிறு பொரிகளாகவும் எழலாம். தொடர்ந்து சொறிந்த இடம் யானைத்தோல் போலத் தடித்து, கோடுகள் ஆழமாகும். கைக்குழந்தைகளுக்குக் கன்னத்திலும், வளர்ந்த குழந்தைகளுக்கு முழங்கை, முழங்கால் மடிப்புகளிலும் காணப்படும். ஆறிய பின் எஞ்சும் கருமையோ வெளுப்போ நிறமாற்றம் மட்டுமே; மாதங்கள் செல்லச் செல்ல மறையும். அதனைப் போக்க வெளுப்பூட்டும் களிம்புகளை நாட வேண்டாம்.

அரிக்கும் யாவும் எக்சிமா அல்ல. வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில், விரலிடுக்கிலும் இடுப்பிலும் இரவு அரிப்பு இருப்பின் அது சொறிசிரங்காக இருக்கலாம். அது தொற்றும், குடும்பத்தினர் அனைவரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். விளிம்பு தடித்து வட்டமாகப் பரவுவது படர்தாமரையாக இருக்கலாம். அரிப்பே இன்றி உணர்ச்சி குன்றிய தேமல் காணப்பட்டால், தாமதமின்றித் தொழுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

தோட்டத் தொழிலாளர்களின் கைகளில் வரும் எக்சிமா பெரும்பாலும் வேறு கிளையைச் சேர்ந்தது. சோப்பு, ஈரம், பூச்சிமருந்து ஆகியவை தோலை நேரடியாக அரிப்பதால் ஒரு வகை உண்டாகிறது. குறிப்பிட்ட பொருளுக்கு டி-செல்கள் பழகிவிட்டதால், அப்பொருள் பட்டு ஓரிரு நாள்கள் கழித்துக் கொப்புளமாக வெடிப்பது மற்றொரு வகை. ஏலக்காயின் மணத்திற்குக் காரணமான டெர்பீன் எண்ணெய்கள் இவ்வாறு ஒவ்வாமை உண்டாக்கக்கூடும். ஏலக்காயைக் கையாண்ட மிட்டாய்த் தொழிலாளி ஒருவரின் கையில் வந்த இத்தகைய எக்சிமா 1975-லேயே மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. ஆனால் கை வெடிக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஏலக்காயே காரணம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. இரப்பர்க் கையுறையில் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கூட அதே விளைவைத் தரும். முகம், இமை, கழுத்து ஆகிய வெயில்படும் இடங்களில் தடித்தால் பார்த்தீனியம் செடியையும் ஐயுற வேண்டும். 1950-களில் புனே பகுதியில் கவனிக்கப்பட்டு நாடெங்கும் பரவிய இக்களை, காற்றில் கலந்தே ஒவ்வாமை உண்டாக்க வல்லது. எது காரணம் என்பதை முதுகில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுச் சோதனையால் தோல் மருத்துவர் உறுதிசெய்வார். அட்டைக்கு அஞ்சிக் காலில் சுண்ணாம்பும் புகையிலையும் தேய்ப்பவர்கள், எக்சிமா உள்ள தோலில் அதனைத் தவிர்த்து, நீண்ட காலுறையும் காலணியும் அணிவது நன்று.

சிகிச்சை எந்தச் சமிக்ஞையை அடக்குகிறது?

முதல் மருந்து ஈரமூட்டி. சுவரைப் பூசுவதே சங்கொலியை நிறுத்தும் முதல் வழி. வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் குளித்து, துடைத்தும் துடைக்காமலும் ஈரம் இருக்கையிலேயே பூச வேண்டும். விலை உயர்ந்த களிம்பு தேவையில்லை. வெள்ளை மென் பாரஃபின் போதும். சுத்தமான தேங்காய் எண்ணெயும் பயனுள்ளதே. பிலிப்பைன்ஸ் நாட்டில் 117 குழந்தைகளிடம் எட்டு வாரங்கள் நடத்தப்பட்ட ஆய்வில், கனிம எண்ணெயைவிடத் தேங்காய் எண்ணெய் கூடுதல் பலன் அளித்தது. ஆனால் அதில் கற்பூரம் கலந்து குழந்தைகளுக்குப் பூசாதீர்கள். கற்பூரம் வலிப்பை உண்டாக்கக்கூடிய நஞ்சாகும். பாரஃபினும் எண்ணெயும் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும் என்பதால், விறகடுப்பருகிலும் ஸ்டோரிலும் வேலை செய்வோர் உடையை அடிக்கடி துவைத்து மாற்ற வேண்டும். வேப்பிலை அரைத்துப் பூசுவது பற்றிப் பலர் கேட்கின்றனர். வெடித்த தோலில் அது எரிச்சலையே கூட்டுவதைக் கண்டிருக்கிறேன்; பரிந்துரைப்பதில்லை.

அழற்சி கிளம்பியுள்ள இடத்திற்கு ஸ்டீராய்டு களிம்பு தேவை. செல்லின் கருவுக்குள் சென்று, மேலே கூறிய சமிக்ஞைகளின் உற்பத்தியையே ஒட்டுமொத்தமாகக் குறைப்பது அதன் செயல். இம்மருந்தைப் பற்றி நம்மிடையே இரு தவறுகள் நிலவுகின்றன. ஒரு சாரார் பெயரைக் கேட்டதும் அஞ்சி, பட்டாணி அளவு தடவிப் பலனில்லை என்பர். மற்றொரு சாரார் மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி, கடும் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கிருமிக்கொல்லியும் கலந்த களிம்பை முகத்தில் ஆண்டுக்கணக்கில் பூசுவர். இரண்டாவது தவறே நம் பகுதியில் மிகுதி. தோல் மெலிந்து, நரம்புக்கோடுகள் தெரிந்து, படர்தாமரை உருமாறிப் பரவி வருவோரை வாரந்தோறும் காண்கிறோம். 2018-இல் மத்திய அரசு தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சீட்டு இல்லாமல் கேட்காதீர்கள், கொடுத்தாலும் வாங்காதீர்கள். சரியான அளவு எளிது: பெரியவரின் ஆள்காட்டி விரலின் கடைசி ரேகையிலிருந்து நுனி வரை பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம், அது இரு உள்ளங்கை அளவுள்ள தோலுக்குப் போதும். எத்தனை நாள், எந்த வலிமை என்பதை மருத்துவர் கூறுவார். ஸ்டீராய்டு ஊசியும் மாத்திரையும் சில நாளில் தோலைப் பளபளப்பாக்கினாலும், நிறுத்தியதும் நோய் பன்மடங்காகத் திரும்பும். “ஒரே ஊசியில் குணம்” என்போரிடம் குழந்தையைக் கொண்டு செல்ல வேண்டாம்.

முகம், இமை, மடிப்பு போன்ற மெல்லிய தோலுக்கு டாக்ரோலிமஸ் பொருந்தும். ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து 1984-இல் கண்டறியப்பட்ட இம்மருந்து, டி-செல்கள் சமிக்ஞை எழுதும் பேனாவையே பறித்துவிடுகிறது. தோல் மெலிவதில்லை. முதல் சில நாள்கள் எரிச்சல் இருக்கும்; அதற்காக நிறுத்திவிட வேண்டாம்.

இவற்றிற்கு அடங்காத கடும் நோய்க்குப் புற ஊதாக்கதிர்ச் சிகிச்சையும், சைக்ளோஸ்போரின், மெத்தோட்ரெக்சேட், அசத்தியோபிரின் போன்ற மாத்திரைகளும் உள்ளன. இவை தோல் மருத்துவரின் கண்காணிப்பிலும் இரத்தப் பரிசோதனையுடனும் மட்டுமே உட்கொள்ளத் தக்கவை. 2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டுபிலுமாப் ஊசி, இன்டர்லூக்கின்-4, 13 இரண்டும் நுழையும் ஒரே பூட்டை அடைக்கிறது. 2024-இல் அங்கு எக்சிமாவுக்கு ஒப்புதல் பெற்ற நெமோலிசுமாப், இன்டர்லூக்கின்-31 நுழையும் பூட்டை அடைக்கிறது. ஜேக் தடுப்பான் மாத்திரைகள் பூட்டைத் தாண்டி, செல்லுக்குள் செய்தி கடத்தும் கம்பியை அறுக்கின்றன. நமைச்சல் சில நாள்களிலேயே குறையும். ஆனால் காசநோய் மிகுந்த நம் நாட்டில், அந்நோய் மறைந்துள்ளதா என்று பார்க்காமல் அவற்றைத் தொடங்கக் கூடாது. இவ்வூசிகளின் விலை ஏலத்தோட்டக் கூலிக்கு எட்டாதது என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் பெரும்பாலான குழந்தைகளுக்கு இவை தேவைப்படுவதில்லை. ஈரமூட்டியையும் களிம்பையும் முறையாகப் பயன்படுத்தினாலே அடங்கும்.

கரப்பான் பண்டம் பற்றி

கத்தரிக்காய், கருவாடு, முட்டை, நிலக்கடலை ஆகியவற்றைக் கரப்பான் பண்டம் என்று ஒதுக்குவது நம் வழக்கம். பாலூட்டும் தாயும் பத்தியம் இருப்பார். ஒரு சில குழந்தைகளுக்கு உணவு ஒவ்வாமை உடன் இருப்பது உண்மை. குறிப்பிட்ட ஓர் உணவை உண்ட இரண்டு மணி நேரத்துக்குள் உதடு வீங்குதல், தடிப்பு, வாந்தி ஆகியவை தோன்றினால் அதனை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கூறுங்கள். அத்தகைய அறிகுறி இன்றி, கரப்பான் என்ற பெயருக்காக மட்டும் ஐந்தாறு உணவுகளை நிறுத்தும்போது குழந்தை இளைக்கிறது, தோலோ தேறுவதில்லை.

இதில் எதிர்ப்பு மண்டலத்தின் விந்தை ஒன்றும் உண்டு. விரிசல் விழுந்த தோல் வழியே நுழையும் உணவுத் துகளை உடல் பகைவனாகப் பதிவு செய்கிறது. வாய் வழியே குடலை அடையும் அதே உணவைப் பெரும்பாலும் உறவாக ஏற்கிறது. பிரிட்டனில் 640 கைக்குழந்தைகளிடம் நடத்தி 2015-இல் வெளியான ஆய்வில், கடும் எக்சிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த குழந்தைகளுக்கு நிலக்கடலை உணவை முதல் ஆண்டிலேயே தொடங்கிக் கொடுத்தபோது, கடலை ஒவ்வாமை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்தது. கடும் எக்சிமா உள்ள குழந்தைக்கு இதனை மருத்துவரைக் கலந்தே தொடங்க வேண்டும். முழுக்கடலை மூச்சுக்குழலில் அடைக்கும் என்பதால், நன்கு அரைத்துக் குழைத்ததையே கொடுக்க வேண்டும்.

எப்போது உடனே வர வேண்டும்?

எக்சிமா உள்ள தோலில் திடீரென ஒரே அளவுள்ள, நடுவில் குழிந்த சிறு கொப்புளங்கள் கூட்டமாகத் தோன்றி, வலியும் காய்ச்சலும் இருந்தால் அது ஹெர்பிஸ் வைரஸ் தொற்றாக இருக்கலாம். இன்டர்லூக்கின்-4, 13 ஆகியவை தோலின் இயற்கைக் கிருமிக்கொல்லிகளையும் குறைத்துவிடுவதால், சாதாரண உதட்டுப் புண்ணை உண்டாக்கும் வைரஸ் இங்கு உடல் முழுவதும் பரவக்கூடும். கண்ணருகில் வந்தால் பார்வைக்கும் ஆபத்து. இதனை அம்மை என்று கருதி வேப்பிலையுடன் வீட்டில் வைத்திருந்தால் தாமதம் உயிருக்கே கேடாகலாம். அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். உதட்டில் புண் உள்ளவர்கள் எக்சிமா உள்ள குழந்தையை முத்தமிட வேண்டாம். சீழ், விரைந்து பரவும் வலியுள்ள வீக்கம், உடல் முழுவதும் தோல் உரிந்து குளிர் நடுக்கம் ஆகியவையும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். இரவில் ஆலோசனை தேவைப்பட்டால் 104 எண்ணையும், அவசர ஊர்திக்கு 108 எண்ணையும் அழைக்கலாம்.

மற்ற நாள்களில், முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ போடி அரசு மருத்துவமனையையோ அணுகலாம். தோல் சிறப்பு மருத்துவம் தேவைப்பட்டால் கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்படுவீர்கள். வரும்போது இதுவரை பூசிய களிம்புகளின் குழாய்களை, காலியானவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். பெயர் நினைவில்லை என்று தயங்க வேண்டாம். குழாயைப் பார்த்தே நாங்கள் பலவற்றை அறிந்துகொள்வோம். தோட்டத்தில் எந்த வேலை, எந்த மருந்து அடிக்கிறீர்கள், எந்தச் சோப்பு என்பதையும் கூறுங்கள். பகலில் மருத்துவமனைக்கு வரும் நேரத்தில் தோல் சற்று அடங்கியிருக்கக் கூடும். ஆகையால் இரவில் நமைச்சல் மிகுந்த வேளையில் கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று இருந்தால் அதனையும் காட்டுங்கள்.